பெனால்டி பாக்ஸில் ஒரு கொக்கு

நவம்பர் மூன்றாம் வாரம்.
வியாசர்பாடி கிரவுண்டில் முழங்காலளவு தண்ணீர்.
வடக்குக் கோல்போஸ்ட்டுக்குக் கீழே
தலைகீழாக இன்னொரு கோல்போஸ்ட்.
பிப்ரவரி வரைக்கும் ஆட்டம் கிடையாது.
வாய்க்கு மட்டும் லீவு இல்லை.

மதில்மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கிறோம்.
சுண்டல் பொட்டலம் கை மாறுகிறது.
"பிலவேந்திரன் போய்ட்டாம்பா,"
தேசிங்கு மறுபடி ஆரம்பிக்கிறான்,
ஏதோ இன்று காலைதான் போனதுபோல.
இருபத்தாறு நாளாகிறது.
லெஃப்ட் விங்கில் அவன் ஓடினால்
கோட்டுக்கும் காலுக்கும் நடுவே
ஒரு பீடி வைக்க இடமிருக்காது.
இப்போது கோடே தண்ணீருக்கடியில்.

"விங்குக்கு ஆள் தேடி அலையாத," என்கிறான் கன்னியப்பன்.
"நடுவுல நெட்டையா ஒருத்தன் போதும்.
சடையங்குப்பம் ஜெயசீலன். ஆறடி ரெண்டு.
பந்தத் தூக்கிப் போடு,
மண்டையில வாங்கி எறக்கிக் குடுப்பான்."
"எறக்குவான். தூக்கிப் போடறது யாரு, உங்க மாமனாரா?"
யாக்கூப் சுண்டல் காகிதத்தில் அம்புக்குறி போடுகிறான்.
"க்ராஸ் போட ஆளில்லாம ஹெட் அடிக்க ஆள் எடுக்கறது
கொக்கு தலையில வெண்ணெய் வெக்கற கதை."

அந்த நேரம் பார்த்து
ஒரு கொக்கு வந்து இறங்கியது.
பெனால்டி புள்ளி இருந்த இடத்துக்கு
இரண்டடி இந்தப் பக்கம்.

"அத்தையே எடுத்துக்கலாம்," என்றாள் ரூபவதி.
லீக் பட்டியல் முழுக்க, கோல் கணக்கோடு,
மனப்பாடமாகத் தெரிந்தவள்.
"ஒயரம் கீது. மார்க் பண்ண ஒருத்தனும் இல்ல.
அட்வான்ஸ் கேக்காது.
ஆனா ஆஃப்சைடுல நிக்குது."
கொக்கு ஆஃப்சைடா இல்லையா என்று
பத்து நிமிஷம் சண்டை.
தேசிங்கு செருப்பைக் கழற்றி
கடைசி டிஃபெண்டர் இடத்தில் எறிந்தான்.
அது மிதந்தது. அதனால் தீர்ப்பு ஆகவில்லை.

கணக்கு நோட்டு என் மடியில்.
கையிருப்பு நாலாயிரத்து முந்நூறு.
அதில் பந்து ரெண்டு, சுண்ணாம்பு,
போன வருஷத்து ஜெர்சிக்காரன் பாக்கி.
இதை வைத்துக்கொண்டுதான் இவர்கள்
ஆறு பேரை வாங்கி மூன்று பேரை விற்றுவிட்டார்கள்.

"அவன அனுப்பி வெச்சு கையெழுத்துப் போட்டது எவன்டா?"
மதிலின் அந்தக் கோடியிலிருந்து யாரோ.
"கை வெளங்காது."

எவனும் இல்லை. நான்தான்.
ஜெராக்ஸ் கடை ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.
குனிந்து உள்ளே வந்தான், தலை ஈரத்தோடு.
துறைமுகத்து ஆபீஸ் டீம்,
பத்து மாசம் கான்ட்ராக்ட், பதினாலாயிரம்.
"அக்கா, மாடிப்படி ஏறினா முட்டி கடகடங்குது.
இன்னும் ரெண்டு சீசன் ஓடும். அதுக்குள்ள
எதனா ஒரு ஆபீஸ்ல நின்னுக்கணும்.
வெளிய சொல்லாத."
ஆட்சேபம் இல்லை என்று எழுதியிருந்தது.
எனக்கு இருந்தது.
போட்டுக் கொடுத்தேன்.
ஒரு நகலும் எடுத்தேன், காசு வாங்கவில்லை.
அது இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில்
நாலாக மடிந்து கிடக்கிறது,
சுண்டல் எண்ணெய் பட்டுவிடாமல்
முழங்கையால் மறைத்திருக்கிறேன்.

தண்ணீரில் சின்னதாக ஒரு சத்தம்.
கொக்கு குத்தி எடுத்துவிட்டது,
வெள்ளியாக ஏதோ துடிக்கிறது அலகில்.
"கோல்!"
மதில் முழுக்க எழுந்து நின்று கத்தியதில்
பயந்து, மீனோடு பறந்தது
கூவி விற்பவர்களின் தெருப்பக்கம்.

"அதுவும் போச்சா," என்றான் யாக்கூப்.

கன்னியப்பன் நகர்ந்து என் பக்கத்தில் வந்தான்.
"அக்கா, ஜெயசீலன ஒருவாட்டி
வரவெச்சுப் பாக்கலாம்.
பஸ் காசு நாம குடுத்தாப் போதும்."
நோட்டைப் பிரித்தேன், முன்பக்கம்.
போக, வர.
நெட்டையன், தேதி போடவில்லை,
தண்ணீர் வடிந்த பிறகு.